குறுக்கு வலிக்கு உடற்பயிற்சி: எது, எத்தனை, எவ்வளவு நாளைக்கு? (பீடி, நடவு, டிரைவர் வேலை பார்க்கிறவங்களுக்கு)

#1 — முக்கூடல் வடக்குத்தெரு

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பீடி சுத்துத பெண்கள்ல குறுக்கு வலி இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்கணும். பிசான நெல் பருவம் தொடங்கினா நடவுக்கும் அவங்கதான் போவாவ. வீட்டு ஆம்பளைங்க லோடு ஆட்டோ, மினி பஸ் ஓட்டுதாவ. அங்கேயும் இதே கதை. டாக்டர்கிட்ட காட்டி, ‘பயப்பட ஒண்ணுமில்ல, எக்சர்சைஸ் பண்ணுங்க’ன்னு ஆறு படம் போட்ட தாளை வாங்கிட்டு வந்தவங்கதான் அதிகம். அந்தத் தாள்ல எத்தனை தடவை, எவ்வளவு நேரம், வலிச்சா நிறுத்தணுமா, எப்போ கூட்டணும், ஒண்ணும் கிடையாது. ஒரு வாரம் செஞ்சுட்டு பீரோ மேல போட்டுருதாவ.

மகளிர் குழுவில சேர்ந்து செய்யுத மாதிரி ஒரு முறை வேணும். ஜிம், மெஷின் வேண்டாம். பாய், நாற்காலி, வாளி, கம்பு, சுவர். இதை வச்சு என்ன முடியும்? வேலைக்கு லீவு போடச் சொல்லாதீங்க, ஆயிரம் சுத்தலைன்னா அன்னைக்குக் கூலி இல்ல.

#2 — பாளை பிசியோ

முதல்ல யாரு இந்த இழையைப் படிச்சிட்டுத் தானா ஆரம்பிக்கக் கூடாதுங்கிறதை முடிச்சிருவோம்.

மூத்திரம் போக முடியாம அடைச்சுக்கிறது, அல்லது தெரியாமலே போறது. சைக்கிள் சீட்டில் படுற இடம் மரத்துப்போறது. ரெண்டு காலும் வலுவிழக்கிறது. இதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி (பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி). விடியட்டும்னு தள்ளக் கூடாது, நரம்புக் கொத்து நசுங்கியிருந்தா மணிக்கணக்கில் முடிவெடுக்கிற விஷயம் அது. சாயங்காலக் காய்ச்சல், எடை குறையிறது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தா முதுகெலும்புக் காசநோய் இல்லைன்னு உறுதி பண்ணாம உடற்பயிற்சிப் பேச்சே வேண்டாம். முன்னாடி புற்றுநோய் வந்தவங்க, நாள்கணக்கா ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க, விழுந்து வலி தொடங்கினவங்க, நடக்கும்போது ஒரு பாதம் தரையில் இழுபடுறவங்க: இவங்களும் டாக்டர் பார்த்த பிறகுதான்.

மிச்சம் உள்ளவங்கதான் பெரும்பாலானவங்க. 12 வாரத்துக்கு மேல போனா நாள்பட்ட வலின்னு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் இதுக்குன்னே ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. முறையான உடற்பயிற்சியும், வலியைப் பத்தின விளக்கமும் அதுல முன்வரிசையில் இருக்கு. ஆனா எதிர்பார்ப்பு சரியா இருக்கணும். காக்ரேன்ங்கிற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு 2021-ல வெளியிட்ட தொகுப்பு 249 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒண்ணும் செய்யாம, அல்லது வழக்கமான கவனிப்போட மட்டும் இருந்தவங்களைவிட, 100 புள்ளி அளவுகோலில் சராசரியா 15 புள்ளி வலி குறைஞ்சிருந்தது. அது மந்திரம் இல்ல. ஆனா 60-ல இருக்கிற வலி 45-க்கு இறங்கினா பஸ் ஏறி டவுனுக்குப் போயிட்டு வரலாம், ராத்திரி தூங்கலாம்.

வலிச்சா நிறுத்தணுமான்னு கேட்டீங்க. பூஜ்யத்தில் இருந்து பத்து வரை வலிக்கு மார்க் போடுங்க. செய்யும்போது 3, மிஞ்சிப்போனா 4 வரை ஏறலாம். மறுநாள் காலையில் பழைய மார்க்குக்கு இறங்கியிருக்கணும். இறங்கலைன்னா பயிற்சி தப்பில்ல, அளவு கூடிப்போச்சு, எண்ணிக்கையைப் பாதியாக்குங்க. குறுக்கில் வலி கொஞ்சம் கூடினாப் பரவாயில்லை. தொடை, கெண்டைக்கால், பாதம்னு கீழ இறங்கிக்கிட்டே போனா அந்தப் பயிற்சியை அன்னைக்கே விட்டுருங்க.

#3 — ஆவணிக் கார்

பிசியோ அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். எல்லாரும் ‘குனியாதே, குனியாதே’ன்னு சொல்லுதாவ. குனியாம நாத்து எப்படி நட? மருந்து அடிக்கலாம் நிமிர்ந்து, களை எடுக்கலாமா நிமிர்ந்து? குனியுத வேலைக்காரங்களுக்குக் குனியாத பயிற்சி என்னத்துக்கு?

#4 — பாளை பிசியோ

நியாயமான கேள்வி. குனியிறது பாவமில்ல. வலி சூடா இருக்கிற முதல் மூணு நாலு வாரம் குனியாத பயிற்சி, அப்புறம் குனியிறதுக்கே பயிற்சி. ரெண்டாவது பாதி இல்லாம முதல் பாதியோட நிறுத்துறதுனாலதான் நடவு வந்ததும் வலி திரும்புது.

முதல் பாதிக்கு கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆராய்ச்சி செஞ்ச ஸ்டுவர்ட் மெக்கில் தேர்ந்தெடுத்த மூணு பயிற்சி போதும். மூணுக்கும் பிடிச்சு நிக்கிற நேரம் 10 விநாடி, அதுக்கு மேல வேண்டாம். நீட்டிப் பிடிச்சா தசைக்கு ஆக்சிஜன் குறைஞ்சு களைப்புதான் வரும். வலுவை நேரத்தில் கூட்டாதீங்க, தடவையில் கூட்டுங்க. முதல் சுற்று 6 தடவை, அடுத்தது 4, கடைசி 2. களைக்கக் களைக்க எண்ணிக்கை இறங்குறதால கடைசித் தடவை வரைக்கும் நிலை கெடாது. ஆரம்பத்தில் 3, 2, 1 கூடப் போதும்.

தலை தூக்கல்: மல்லாந்து படுத்து ஒரு முட்டியை மடக்கி மத்த காலை நீட்டணும். ரெண்டு உள்ளங்கையும் குறுக்குக்கு அடியில். அந்த இடத்து வளைவு கையை நசுக்கவும் கூடாது, கையை விட்டு எழும்பவும் கூடாது. தலையும் தோளும் தரையை விட்டு ரெண்டு விரற்கடை எழும்பினாப் போதும். எல்லாரும் செய்யிற பிழை, முகவாயை நெஞ்சுக்கு இழுத்துக் கழுத்தால எழும்புறது. மறுநாள் பிடரி வலிச்சா இதைத்தான் செஞ்சிருக்கீங்க. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முழு ‘சிட் அப்’ வேண்டவே வேண்டாம்.

பக்கப் பலகை: ஒருக்களிச்சுப் படுத்து, முழங்கை தோளுக்கு நேர் கீழ. முட்டியை மடக்கி, முட்டியும் முழங்கையும் தாங்க, இடுப்பைத் தூக்கணும். முழங்கை தோளுக்கு வெளிய தள்ளி இருந்தா தோள்மூட்டு வலிக்கும். தோள் ஏற்கெனவே பிரச்சினைன்னா சுவரில் முழங்கையை ஊன்றி, கால் ரெண்டடி தள்ளி நின்னு, சாய்ஞ்சு பிடிங்க. ரெண்டு பக்கமும் அவசியம்.

எதிர்க்கை எதிர்க்கால்: இதுதான் அதிகம் கெடுறது. கையும் முட்டியும் ஊன்றின நிலை. கை தோளுக்கு நேர் கீழ, முட்டி இடுப்புக்கு நேர் கீழ. முட்டிக்கு அடியில் மடிச்ச போர்வை வைங்க, வெறும் பாயில் முட்டி தாங்காது. காலைப் பின்னால நீட்டணும், மேல தூக்கக் கூடாது. குதிகாலால் பின்சுவரைத் தள்ளுறதா நினைச்சு நீட்டினா சரியா வரும். கால் இடுப்பு மட்டத்தைத் தாண்டினா குறுக்கு கீழ தொங்கும், செய்த பலன் போச்சு. குழுவா செய்யிறப்ப ஒரு சோதனை: குறுக்கு மேல எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைங்க. வலது காலை நீட்டும்போது தட்டு இடது பக்கம் வழுக்கினா, வலது இடுப்பு மேல திரும்பியிருச்சுன்னு அர்த்தம். அப்போ காலை நீட்டாம, பெருவிரல் தரையில் தேய்ச்சுக்கிட்டே பின்னால நகர்த்துற அளவோட நிறுத்துங்க. தட்டு அசையாம பத்து விநாடி இருந்தா கையையும் சேர்த்துக்கலாம்.

மூணும் சேர்ந்து 12 நிமிஷம் ஆகும்.

#5 — கட்டுக்கு இருபத்தஞ்சு

பன்னிரண்டு நிமிஷப் பயிற்சி சரி. அது போக மிச்ச நேரம் உக்காந்திருக்காவளே, அதைச் சொல்லணும். மடியில சுளகு, கால் நீட்டி அல்லது சம்மணம், தலை கவிழ்ந்து, முதுகு கூன் போட்டு ஒரே நிலை. அந்த நிலை தப்புன்னு சொல்ல மாட்டேன். அதுல மாறாம இருக்கிறதுதான் தப்பு.

கடிகாரத்தைப் பார்த்து எழும்புங்கன்னா யாரும் எழும்ப மாட்டாங்க. கட்டை வச்சு எழும்பணும். ஒரு கட்டுக்கு 25 பீடி. ரெண்டு கட்டு முடிஞ்சதும், கை வேகத்தைப் பொறுத்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். சுளகை இறக்கி வச்சு எழும்பி நின்னு, ரெண்டு உள்ளங்கையையும் இடுப்புக்குப் பின்னால கொடுத்து, முட்டியை மடக்காம, பைய அஞ்சு தடவை பின்னால சாயணும். நாலு எட்டு நடந்து தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க. மொத்தம் ஒரு நிமிஷம். ஆயிரத்துக்கு 40 கட்டு, அப்போ 20 தடவை. கூலியில குறையாது, சாயங்காலம் கை தளராம இருக்கிறதுல அது ஈடாயிரும்.

உக்காருற இடம்: வெறும் தரையில உக்காந்தா முட்டி இடுப்பைவிட மேல நிக்கும், இடுப்பெலும்பு பின்னால உருண்டு குறுக்கு வளைஞ்சு போகும். நாலு விரற்கடையிலிருந்து ஆறு விரற்கடை உயரத்துக்கு மணைப்பலகையோ மடிச்ச சமுக்காளமோ போட்டு உக்காந்தா முட்டி தாழும், முதுகு தானா நிமிரும். பின்னால சுவர், குறுக்குக்கும் சுவருக்கும் நடுவுல சின்னத் தலையணை. சுளகுக்கு அடியில இன்னொரு தலையணை கொடுத்தா தலை கவிழ்றது குறையும். முதல் பாதி கால் நீட்டி, அடுத்த பாதி சம்மணம்னு மாத்துங்க. இலை வெட்டுறதையாவது மேசையில நின்னுக்கிட்டு வெட்டலாம். தூளும் இலையும் பக்கத்துல இருக்கிறதால எழும்பவே வேண்டாம்னு வசதி பண்ணிக்கிறாங்க பாருங்க, அதான் வினை. தண்ணிச் செம்பை எட்டாத இடத்துல வைங்க.

பத்தமடையில பாய் நெய்யிறவங்களுக்கும் இதே கணக்குதான். கட்டுக்குப் பதிலா அடிச்சு முடிச்ச நீளத்தை வச்சு எழும்பலாம்.

#6 — எல்4எல்5

இங்க எல்லாரும் சுலபமா பேசுறீங்க. ஸ்கேன்ல ‘எல்4–எல்5 டிஸ்க் பிதுக்கம்’னு, அதாவது குறுக்கெலும்பு நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல உள்ள ஜவ்வு பிதுங்கியிருக்குன்னு, எழுதி வந்தவங்க நிலைமை என்ன? பின்னால சாய், முன்னால குனின்னு செஞ்சா ஜவ்வு இன்னும் பிதுங்கி நரம்பை அமுக்காதா? அவங்களுக்கு ஓய்வுதானே சரி?

#7 — வார்டு சிஸ்டர்

ரிப்போர்ட்டைப் படிச்சுப் பயந்தே படுத்துக்கிறவங்க நிறைய. வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் பண்ணின ஆய்வுகளையெல்லாம் 2015-ல தொகுத்துப் பார்த்தாங்க. 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 80 வயசுல 84 சதவீதம். தேய்மானம் 20 வயசுல 37, 80 வயசுல 96 சதவீதம். இத்தனைக்கும் இவங்களுக்கு முதுகு வலியே கிடையாது. ரிப்போர்ட்டில் உள்ள வரியை மட்டும் வச்சு முடிவெடுக்க முடியாது. கால் வலு, உணர்ச்சி, எந்த அசைவுக்கு வலி எங்க போகுதுங்கிறதைச் சேர்த்துத்தான் பார்க்கணும்.

உண்மையிலேயே கால்ல இறங்குற வலிக்காரங்களை ரெண்டு விதமா பிரிச்சுப் பாருங்க.

ஒண்ணு, உக்காந்தா, குனிஞ்சா, தும்மினா கூடும். நின்னா நடந்தாத் தேவலை. பெரும்பாலும் நடுவயசு. இவங்களுக்கு நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி பரப்பின குப்புறப் படுத்து எழும்புற பயிற்சி பொருந்தலாம். குப்புறப் படுத்து ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க. பிறகு முழங்கை ஊன்றி ரெண்டு நிமிஷம். அதுவும் தாங்கினா உள்ளங்கையை ஊன்றி, இடுப்பு தரையை விட்டு எழும்பாம, புட்டத்தை இறுக்காம, நெஞ்சை மட்டும் தூக்கி இறக்குறது 10 தடவை. பகல்ல ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்க. பாதத்துல இருந்த வலி கெண்டைக்காலுக்கு, கெண்டைக்கால் வலி தொடைக்கு, அங்கேயிருந்து குறுக்குக்கு ஏறி வந்தா சரியான வழியில போறீங்க. குறுக்குல வலி அப்போ கூடுதலாத் தெரிஞ்சாலும் சரி. கீழ இறங்கினா நிறுத்துங்க.

இன்னொண்ணு, 60 தாண்டினவங்க. கொஞ்ச தூரம் நடந்ததும் ரெண்டு காலும் கனத்து இழுக்கும், உக்காந்தாலோ குனிஞ்சாலோ விட்டுரும். சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஹேண்டில்பார் மேல சாய்ஞ்சு நடந்தா எவ்வளவு தூரமும் போவாங்க. இது நரம்புக் குழாய் சுருங்கினதா இருக்கலாம். இவங்களைப் பின்னால சாயச் சொன்னா வலி கூடும். மல்லாந்து படுத்து முட்டியை நெஞ்சுக்கு இழுக்கிறது, சைக்கிள் மிதிக்கிறது, நடுவுல உக்காந்து உக்காந்து நடக்கிறதுதான் இவங்களுக்கு.

பக்கத்து வீட்டுக்காரர் செஞ்சு நல்லாச்சுன்னு அதே பயிற்சியை எடுத்துச் செய்யிறவங்க கெட்டுப்போறது இந்த இடத்துலதான்.

ஓய்வு பத்தி: ரெண்டு நாளுக்கு மேல படுக்கை வேண்டாம்.

#8 — தென்காசிச் சாரல்

பெல்ட் போடலாமா? இடுப்புல கரண்டு வைக்கிறது, இழுவை போடுறது? அதோட சீசன்ல குற்றாலத்துல எண்ணெய் தேய்ச்சு அருவியில முதுகைக் காட்டினா மூணு மாசத்துக்கு வலி வராதுன்னு ஒரு கூட்டமே சொல்லுது.

#9 — பாளை பிசியோ

சுருக்கமா. 2023 வழிகாட்டி நாள்பட்ட குறுக்கு வலிக்கு பெல்ட், இழுவை, தோல் மேல வைக்கிற டென்ஸ் கரண்டு, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை இதையெல்லாம் வழக்கமா கொடுக்க வேண்டாம்னுதான் சொல்லுது. வலியைத் தடுக்குறதுக்கும் பெல்ட் உதவலைன்னு 2016-ல வந்த தொகுப்பாய்வு சொல்லிருச்சு. அதே ஆய்வில் உடற்பயிற்சியோட விளக்கமும் சேர்ந்தா குறுக்கு வலி வர்ற வாய்ப்பு 45 சதவீதம் குறைஞ்சது, உடற்பயிற்சி மட்டும்னா 35. ஆனா உடற்பயிற்சி மட்டும்னா ஒரு வருஷத்துக்கு மேல அந்தப் பலன் நிலைக்கலை. ஆட்கள் செய்யிறதை விட்டுர்றாங்க. எவ்வளவு நாளைக்குன்னு தலைப்பில் கேட்டதுக்குப் பதில் அதுலயே இருக்கு: வலி போன பிறகும் வாரம் ரெண்டு நாள், நிரந்தரமா.

மசாஜை வழிகாட்டி ஒதுக்கலை, கூட வச்சுக்கலாம். தேய்ச்சு முடிச்சு உடம்பு இளகி இருக்கும்போது நடங்க, பயிற்சி செய்யுங்க. தேய்ச்சிட்டுத் தூங்கினா எண்ணெய்க் காசுதான் செலவு. பேரருவியில பிடரியைக் கொடுத்துக் குனிஞ்சு நிக்காதீங்க, கழுத்து வலியையும் சேர்த்து வாங்கிட்டு வருவீங்க.

#10 — வஉசி மைதானம் காலை 5.30

இவ்வளவு எழுதியும் நடையைப் பத்தி ஒருத்தரும் பேசலையே! செலவில்லாததுக்கு மதிப்பில்ல போல.

ஆஸ்திரேலியாவில் மக்குவாரி பல்கலைக்கழகம் நடத்தின சோதனை 2024 ஜூனில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குறுக்கு வலி வந்து குணமான 701 பேர். ஒரு பகுதிக்கு நடைப் பயிற்சியும் விளக்கமும், மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. நடந்தவங்களுக்கு வலி திரும்ப இடைநிலையா 208 நாள் ஆச்சு, நடக்காதவங்களுக்கு 112 நாள். அதுல குறி, ஆறு மாசத்துக்குள்ள பைய ஏத்தி, வாரம் அஞ்சு நாள் 30 நிமிஷம். கவனிங்க, இது குணமானவங்களுக்கு வலி திரும்பாம இருக்கச் செஞ்சது. வலியோட உள்ளவங்க வலியைப் பார்த்துப் பொறுமையா ஏத்தணும்.

முதல் வாரம் 10 நிமிஷம், வாரம் அஞ்சு நாள். ஒவ்வொரு வாரமும் 3 நிமிஷம் கூட்டினா ரெண்டு மாசத்துல 30 நிமிஷம் வந்துரும். மைதானத்தைச் சுத்துறவங்க ஒரே பக்கமாச் சுத்தாதீங்க, பாதியில திரும்புங்க. கையைக் கட்டிக்கிட்டோ போனைப் பார்த்துக்கிட்டோ நடந்தா உடம்பு திரும்பாது. கை தோளிலிருந்து வீசணும். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். தேய்ஞ்ச ரப்பர் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ளது போடுங்க. சித்திரை வைகாசியில ஏழு மணிக்கு மேல இறங்காதீங்க. ஐப்பசி மழையில தெரு ஓடையானா வீட்டுக்குள்ள தாழ்வாரத்துல நடந்தாலும் கணக்குதான்.

டிரைவர்மார் கவனிக்க: திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரைக்கும் குலுங்கி உக்காந்து வந்துட்டு இறங்கின கையோட லோடு இறக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் வண்டியைச் சுத்தி நடந்து, அஞ்சு தடவை பின்னால சாய்ஞ்சுட்டுக் கை வைங்க. பின்பாக்கெட் பர்ஸை எடுத்துட்டு உக்காருங்க.

#11 — ஆவணிக் கார்

நடையெல்லாம் நல்லதுதான். ஆனா நடந்து நடந்து யாரும் மூட்டை தூக்கப் பழகுனதில்ல. பிசியோ அண்ணாச்சி ரெண்டாம் பாதின்னு சொன்னாவளே, அதை நான் சொல்லுதேன்.

ஒட்டடைக் கம்பை முதுகோட சேர்த்துப் பிடி. பிடரித்தலை, தோள்பட்டைக்கு நடுவு, புட்டத்துக்கு மேல உள்ள எலும்பு, மூணு இடத்துலயும் கம்பு ஒட்டி இருக்கணும். முட்டியை லேசா இளக்கி, பின்புறத்தைப் பின்சுவரைத் தொடுத மாதிரி தள்ளிக்கிட்டே குனி. கம்பு எந்த இடத்துல விடுதோ அங்கதான் தப்பு. புட்டத்துல விட்டா குறுக்கு வளையுது. தலையில விட்டா தலை முன்னால தொங்குது. ஒரு வாரம் வெறுங்கம்புதான், 3 சுற்று, சுற்றுக்கு 10.

அடுத்து பத்து லிட்டர் வாளி. முட்டி உயரத்துக்கு முக்காலி, அது மேல பாதித் தண்ணியோட வாளி, அஞ்சு கிலோ. ரெண்டு காலுக்கு நடுவுல வாளி இருக்கணும்; முன்னால எட்டித் தூக்கினா அஞ்சு கிலோவும் பதினைஞ்சா கனக்கும். மூச்சை விட்டுக்கிட்டே எழும்பு. பிரஷர் உள்ளவங்க மூச்சை அடக்கவே கூடாது. 3 சுற்று, 8 தடவை, வாரம் மூணு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். வாரத்துக்கு ஒரு லிட்டர் கூட்டு. வாளி நிறைஞ்ச பிறகுதான் முக்காலியை எடுத்துட்டு ரெண்டு செங்கல் மேல வைக்கணும், அப்புறம் தரை. கனத்தையும் தாழ்வையும் ஒரே வாரத்துல மாத்தாதே. வாழைத்தோட்ட ஆளுங்க, 25 கிலோ அரிசிச் சிப்பம் இறக்குத ஆளுங்க மேலயும் போகலாம். 20 லிட்டர் கேன் இருக்கவே இருக்கு.

ஐப்பசி நடவுன்னா ஆவணியில தொடங்கணும். அணைத் தண்ணி எப்ப திறப்பாவன்னு தெரிஞ்ச பிறகு தொடங்கினா நேரம் காணாது. கடைசி ரெண்டு வாரம் வெறுங்கையோட குனிஞ்சு பின்னால நடந்து பழகணும்: 2 நிமிஷம் குனிவு, 1 நிமிஷம் நிமிர்வு, 5 சுற்று. வயல்ல இறங்கினதும் ஒரு நாத்துமுடி தீர்ந்து அடுத்த முடியை எடுக்கும்போது நிமிர்ந்து மூணு தடவை பின்னால சாயி. இடது முழங்கையைத் தொடையில ஊன்றிக்கிட்டு நட்டா மேலுடம்புக் கனத்துல ஒரு பகுதி தொடைக்குப் போயிரும். முதல் நாளே முழு நாள் குனியாதே.

#12 — பாளை பிசியோ

ஆவணிக் கார் சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும். கம்பு மூணு இடத்திலும் ஒட்டணும்கிறது கனம் தூக்குறதுக்கு. நாத்து நடும்போது கனமே இல்ல, அங்க முதுகு வளையத்தான் செய்யும், வளையலாம். நேரா வச்சே நடணும்னு முயற்சி பண்ணினா தொடை பின்தசை அரைமணியில பிடிச்சுக்கும். அதனாலதான் அந்த ரெண்டு வார வெறுங்கைக் குனிவு முக்கியம். மத்தபடி வாளிக் கணக்கு அப்படியே எடுத்துக்கலாம். 10 லிட்டர் தரையிலிருந்து தூக்க முடியாதவங்க அந்தப் பருவம் நடவுக்குப் பதிலா நாத்துமுடி எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போறது நல்லது.

#13 — கட்டுக்கு இருபத்தஞ்சு

காலையில கோலம்? வாரியலை எடுத்து வாசல் கூட்டி, தண்ணி தெளிச்சு, நிமிராம கோலம் போட்டு முடிக்கிறதுக்குள்ளயே பாதி வலி வந்திருது.

#14 — வார்டு சிஸ்டர்

காரணம் இருக்கு. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பு டிஸ்க் தண்ணியை உறிஞ்சி ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பி இருக்கும். விடிஞ்சதும் குனிஞ்சா அழுத்தம் பகலைவிட ரொம்பக் கூடும். எழும்பி நடமாட நடமாட உப்பல் வடியும், முதல் ஒரு மணி நேரத்துலயே நிறைய வடிஞ்சிரும். 1998-ல ஒரு சோதனையில் நாள்பட்ட வலிக்காரங்களை, விடிகாலையில் குனியிறதைத் தவிர்க்க மட்டும் பழக்கினாங்க. அதுக்கே வலி குறைஞ்சது.

அடுப்பு வேலை, தண்ணி பிடிக்கிறது முதல்ல, வாசல் பிறகு. முடியாதுன்னா நீளக் கைப்பிடி வாரியல். கோலத்துக்கு ஒரு முட்டியைத் தரையில ஊன்றி இன்னொரு காலை மடக்கி உக்காருங்க, பாதியில காலை மாத்துங்க. காலையில எழும்பினதும் கால்விரலைத் தொடுற பயிற்சி, சூரிய நமஸ்காரத்துல முழுசாக் குனியிறது, ரெண்டையும் சாயங்காலத்துக்கு மாத்துங்க. தண்ணிக் குடத்தை எப்பவும் ஒரே இடுப்புல வைக்காதீங்க.

படுக்கை பத்தியும் யாராவது கேப்பீங்க: வெறும் தரைதான் நல்லதுன்னு ஒண்ணுமில்ல. ரொம்ப மெத்துன்னும் இல்லாம ரொம்பக் கட்டியாகவும் இல்லாத மெத்தைதான் நாள்பட்ட வலிக்கு மேல்னு 2003-ல ஸ்பெயினில் நடந்த சோதனை காட்டிச்சு.

#15 — முக்கூடல் வடக்குத்தெரு

எல்லாத்தையும் எழுதி எடுத்துக்கிட்டேன். இன்னும் ரெண்டு. நல்லா போய்க்கிட்டு இருக்கும்போது திடீர்னு பிடிச்சுக்கிட்டா? 65 வயசு ஆச்சிமாரையும் குழுவுல சேர்க்கலாமா?

#16 — பாளை பிசியோ

பிடிச்சுக்கிறது நடக்கும், முன்கூட்டியே சொல்லி வைங்க; இல்லைன்னா முதல் தடவையிலேயே பாதிப் பேர் நின்னுருவாங்க. அன்னைக்கும் மறுநாளும் வாளி கிடையாது. மல்லாந்து படுத்து கெண்டைக்காலை நாற்காலி மேல வச்சு 10 நிமிஷம், பிறகு எழும்பி 5 நிமிஷம் நடை, இப்படிப் பகல்ல நாலஞ்சு தடவை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். மூணாம் நாள் மெக்கில் பயிற்சியில் பாதி எண்ணிக்கை. வாளிக்குத் திரும்பும்போது கடைசியா தூக்கினதுல பாதி. ரெண்டு வாரத்துல பழைய அளவுக்கு வரலைன்னா காட்டணும்.

ஆச்சிமாரை அவசியம் சேருங்க, ஆனா தனி வரிசை. உயரம் குறைஞ்சு கூன் விழுந்தவங்களுக்கு எலும்பு பலவீனமா இருக்க வாய்ப்பு. அவங்களுக்குத் தலை தூக்கலும் கனத்தோட குனியிறதும் கூடாது. குடம் தூக்கினப்போ, லேசாத் தடுமாறினப்போ நடுமுதுகில் சுருக்குன்னு தொடங்கின வலின்னா எலும்பு நசுங்கியிருக்கலாம், முதல்ல எக்ஸ்ரே. மத்தபடி நாற்காலியை சுவரோட ஒட்டி வச்சு, கை ஊன்றாம எழும்பி உக்காருறது 8 தடவை, 3 சுற்று. முடியாதவங்க நாற்காலி மேல தலையணை போட்டு உயரம் கூட்டுங்க. சுவரில் கை ஊன்றித் தள்ளுறது 10 தடவை. சமையல்மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்குறது 15 தடவை. எதிர்க்கை எதிர்க்கால் பயிற்சியைத் தரையில் இறங்காம, அதே மேடையில் கையை ஊன்றி நின்னுக்கிட்டு செய்யலாம்.

வீட்டை விட்டு வர முடியாதவங்களுக்கு 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பாங்க; பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைக் கொடுங்க.

#17 — வார்டு சிஸ்டர்

குழு தொடங்குற அன்னைக்கு ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா மூணு விஷயம் எழுதிக்கோங்க: வலி மார்க், எத்தனை நிமிஷம் நடக்க முடியுது, அரை நிமிஷத்துல நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழும்புறாங்க. ஆறாவது வாரம் திரும்ப எழுதுங்க. வலி மார்க் மாறாம நடையும் எழும்புற எண்ணிக்கையும் கூடியிருந்தா நிறுத்த வேண்டாம். பல பேருக்கு வலு முதல்ல வரும், வலி எட்டாவது, பன்னிரண்டாவது வாரத்துலதான் இறங்கும். மூணுமே அசையலைன்னா அந்த ஆளை மட்டும் பிசியோகிட்ட அனுப்புங்க, பெரும்பாலும் தட்டு வழுக்குற கேஸாத்தான் இருக்கும்.